கடலறியாக் கரையினர்

பழைய மாணவன் ஒருவன்
பயிற்றப்பட்ட தமிழாசிரியர், மயிலிட்டி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று சங்கச் செயலாளர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியரிடமிருந்து வருவது இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். அவர் எண்ணியதிற் பிழையில்லை. எனினும், இம்முறை யாம் எழுதப் புகுந்தது நீந்துதலையும் துவிச்சக்கரவண்டி மிதித்தலையும் ஓடுதலையும் பற்றியாகும். நாற்பதைக் கடந்து, மூக்குக்கண்ணாடியும் அணிந்து, புணர்ச்சி விதி படிப்பிக்கும் ஒருவருக்கு இந்த வேலை எதற்கு என்று நகைப்போர் நகைக்கலாம். இறுதிவரை படித்தபின் நகைக்கும்படி மட்டும் அவர்களை வேண்டுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், யாம் கற்பிக்கும் பாடசாலையிலே ஒன்பதாந் தர மாணவர்க்கு 'எங்கள் கடல்' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். மயிலிட்டியைப் பூர்வீகமாகக் கொண்ட மாணவன் ஒருவனுடைய கட்டுரை எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அலையின் ஓசைக்கும் தாயின் தாலாட்டுக்கும் அவன் காட்டிய ஒப்புமை இயல்பாயிருந்தது. சொற்பிழை இரண்டே. தாராளமாகப் புள்ளி வழங்கி, அவனை அருகழைத்து, "நீ எவ்வளவு தூரம் நீந்துவாய்?" என்று வினவினோம்.

"இல்லை சேர், நான் அதுக்குள்ளை இறங்கினதே இல்லை" என்றான்.

அவனுடைய பாட்டனார் கடற்றொழிலாளர். அவருடைய தந்தையாரும் அவ்வாறே. கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் இப்பொழுது அவன் வீடு இருக்கின்றது. ஆயினும், அவன் அறிந்த கடல் ஏட்டுக் கடலே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை அவனுக்குச் சொல்ல வாயெடுத்தோம், சொல்லவில்லை. என்னையெனின், அன்றைய நாளில் எமக்கும் நீந்தத் தெரியாது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை இம்மலரைப் படிப்போருள் வலிகாமம் வடக்கினர் நன்கறிவர். ஏனையோர்க்காகச் சுருங்கச் சொல்லுவோம். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மயிலிட்டி மக்கள் போர் காரணமாக ஊரைவிட்டு வெளியேறினர். அப்பொழுது எமக்கு ஒன்பது வயது. நீந்தப் பழகும் வயது அதுவே. பின்னர் எம்மூர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. மீன்பிடிக்குப் பெயர்பெற்ற அத்துறைமுகமும் அதனைச் சூழ்ந்த காணிகளும் 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டன. ஏனைய பகுதிகள் ஒரே நாளிலன்றிப் பகுதி பகுதியாக விடப்பட்டன. இருபத்தேழு ஆண்டு! அதற்கிடையில் ஒரு தலைமுறை பிறந்து, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்து, தானும் பிள்ளைகளைப் பெற்றுவிட்டது. காணியை உறுதி கொண்டு மீட்கலாம். வீட்டைக் கல்லும் சீமெந்தும் கொண்டு மீட்கலாம். கடலிலே கைவீசும் பழக்கத்தை எந்த உறுதி கொண்டு மீட்பது? அதனைத் தந்தை மகனுக்குக் கொடுக்கவேண்டும். தந்தையிடமே அது இல்லாதபோது யார் கொடுப்பது?

இவ்வினாவுக்கு விடையாக நம் கல்லூரிப் பழைய மாணவர் முன் ஒரு கருத்தை வைக்கின்றோம். பவளவிழா நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு நம் மாணவர்க்கு நீச்சல் பழக்கவேண்டும். அப்பழக்கத்துக்கு ஓர் இலக்காக, ஆண்டுதோறும் மயிலிட்டிக் கரையிலே நீச்சலும் கரடுவழிச் சைக்கிளோட்டமும் கால்நடை ஓட்டமும் ஒன்றுசேர்ந்த போட்டி ஒன்றை நடத்தவேண்டும். வளைவு ஒன்று, மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று, சிலை ஒன்று என்று சங்கத்திலே முன்மொழிந்த அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க. அவையெல்லாம் நிற்கும்; பிள்ளைகள் நிற்பவர் அல்லர், இயங்குபவர்.

முதற்கண் அப்போட்டி யாதென விளக்குவது எம் கடன். ஆங்கிலத்திலே 'ரையத்லன்' என்று வழங்குவதை யாம் முந்நிலைப் போட்டி என்று குறிப்போம். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலே, ஓட்டக்காரர் சிலர் தம் பயிற்சிக்கு மாற்றாகத் தொடக்கிய விளையாட்டு இது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீற்றர் ஓடவேண்டும். மூன்றுக்கும் கடிகாரம் ஒன்றே. உடை மாற்றும் நேரமும், சப்பாத்துக் கட்டும் நேரமும் கணக்கில் சேரும்.

அதன் கிளையொன்று 1996 ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுக்கூட்டத்து மௌயித் தீவிலே தோன்றியது. 'எக்ஸ்ரெரா' என்னும் பெயரால் இன்று அறியப்படுவது அதுவே. தார் வீதியை விட்டுக் காட்டுப் பாதையிலும் கற்சரிவிலும் மணலிலும் சைக்கிளைச் செலுத்தி, அத்தகைய நிலத்திலேயே ஓடி முடிப்பது இதன் இயல்பு. நீச்சல் 1.5 கிலோமீற்றர், சைக்கிள் ஏறத்தாழ 30, ஓட்டம் ஏறத்தாழ 10. தூரத்தை மட்டும் பார்ப்பவர், வீதிப் போட்டியிலும் இது எளிதென்று கருதுவர். அது தவறு. தார் வீதியிலே காலின் வலிமை பெரும்பங்கு வெல்லும். கரடு வழியிலே வலிமை பாதி, நுட்பம் பாதி. அந்நுட்பம் எத்தகையதென்று சற்று ஆராய்வோம். ஏனெனில் எம் வாதம் முழுவதும் அதன் மேலே நிற்கின்றது.

நீச்சற்குளத்திலே அடியிற் கோடு தெரியும், சுவர் தெரியும், நீர் அசையாது. கடலிலே இவை மூன்றும் இல்லை. தலையை நீருள் வைத்து நீந்துபவன் நேராகச் செல்கின்றேன் என்று எண்ணிக்கொண்டே வளைந்து செல்வான். ஆதலின், சில வீச்சுக்களுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலுயர்த்தி இலக்கை நோக்கிக்கொள்ளுதல் வேண்டும். தலை முழுதும் உயர்ந்தால் கால் தாழும். கால் தாழ்ந்தால் உழைப்பு இரட்டிக்கும். நம் கடற்றொழிலாளர் கோபுரத்தையும் தனிப்பனையையும் ஒரே கோட்டில் வைத்துத் தாம் நிற்குமிடத்தை அறிவர். அவ்விரண்டும் விலகினால் நீரோட்டம் இழுக்கின்றதென்று உணர்வர். மேனாட்டுப் பயிற்றுநர் நூலெழுதிக் கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.

சைக்கிளுக்கு வருவோம். மணலிலே புகுமுன் ரயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது அகன்று படிந்து மணலைப் பற்றும். இறுக அடித்த ரயர் புதையும். மணலுள் நின்று மிதித்து வேகம் பெற இயலாது. வேகத்தோடு புகுந்து, கைப்பிடியை இறுக்காமல், உடலைப் பின்னே சாய்த்து, ஒரே சீராக மிதித்துக் கடத்தல் வேண்டும். திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைத் தணிக்கவேண்டும்; திருப்பத்தினுள்ளே முன்சில்லுக்குத் தடை கொடுத்தவன் மண்ணைக் கவ்வுவான். கண் முன்சில்லைப் பாராமல் பத்துமுழம் அப்பால் பார்க்கவேண்டும். எங்கே பார்க்கின்றோமோ அங்கேயே வண்டி செல்லும். கல்லைப் பார்த்தவன் கல்லிலே ஏறுவான். சிலவிடத்து இறங்கி, வண்டியைத் தோளிலே தூக்கி நடப்பதே விரைவு. எங்கே மிதிப்பது, எங்கே தூக்குவது என்று கணத்தில் முடிவு செய்வதே இப்போட்டியின் உயிர்நாடி.

மூன்றாவது ஓட்டம். சைக்கிளால் இறங்கியவனுடைய கால்கள் சிறிது நேரம் அவனுடையவையல்ல, மரக்கட்டைகள். அந்நிலையிலே நீண்ட அடி வைப்பவன் இடறுவான். குறுகிய அடியாக, விரைவாக வைத்துக் காலைப் பழக்கத்துக்குக் கொணர்தல் வேண்டும். இடைமாற்றத்திலும் ஒழுங்குண்டு. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பின்னரே வண்டியைத் தொடலாம். குறித்த கோட்டைத் தாண்டிய பின்னரே ஏறலாம். ரியூப் வெடித்தால் போட்டியாளனே ஒட்டவேண்டும். வெளியார் உதவி விதிக்கு மாறு. இவ்விதி எமக்கு மிகப் பிடித்தது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் பிறரே செய்து கொடுக்கும் காலத்திலே, உன் வண்டியை நீயே திருத்து என்று சொல்லும் விளையாட்டு ஒன்று இருப்பது நன்றன்றோ?

இனி, இவை நமக்கு அந்நியமானவையா என்று பார்ப்போம்.

மயிலிட்டிக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். ஏறத்தாழ 27 மணி நேரம். வரலாறு அறிய அந்நீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் அவரே. வல்வெட்டித்துறை தந்த வி. எஸ். குமார் ஆனந்தன் 1963 இலே அதே நீரிணையைக் கடந்தார். பின்னர் 1970களிலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போகவும் வரவும் நீந்தி, 51 மணி நேரத்தில் முடித்தார். 1984 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் நீத்தார். 1966 ஏப்பிரலிலே இந்திய வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 2021 ஏப்பிரலிலே இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர இருவழியையும் 28 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடித்து ஆனந்தனின் நேரத்தை முறியடித்தார். யாராயினும் வாழ்த்துவோம். ஆனால் தொடங்கியவர் நம் கரையினர் என்பதையும் மறவாதிருப்போம்.

இச்சாதனைகளின் மாதங்களை நோக்குக: மார்ச்சு, ஏப்பிரல். வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் எழுமுன் உள்ள பங்குனி சித்திரைக் காலத்திலே வடகடல் அடங்கிக் கிடக்கும். அக்காலத்தைத் தெரிந்து இறங்கியதும் திறமையின் ஒரு கூறே. எமக்கு நீந்தப் பழக்கிய முதிய கடற்றொழிலாளர் ஒருவர் முதல்நாளே சொன்னார்: "மாஸ்ரர், கடலோடை மல்லுக்கட்டக் கூடாது. அது விடுற வழியாலை போகவேணும்." எம் கலாசாலைப் பயிற்சியில் இதனினும் சிறந்த வாக்கியத்தை எந்த விரிவுரையாளரும் எமக்குச் சொன்னதில்லை.

சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்லவும் வேண்டுமோ? 1990 தொடக்கம் எரிபொருட்டடை நிலவிய காலத்திலே விறகும் நெல்லும் நோயாளரும் மணமக்களும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்த அந்த இரவில், பதினான்கு வயதினராய், அரிசி மூட்டையையும் அப்பாச்சியையும் ஏற்றிய வண்டியைச் சேற்றிலே தள்ளிக்கொண்டு நடந்தோம். அது போட்டியன்று, ஆயினும் கரடுவழிச் சைக்கிள் நுட்பம் எதனையும் இனி எவரும் எமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை என்று அன்று முதல் ஒரு செருக்கு எம்மிடம் உண்டு. அச்செருக்கு அண்மையில் அடங்கியது. அதனைச் சொல்லுவோம்.

கடந்த சித்திரை விடுமுறையில், ஊர் இளைஞர் நால்வரும் ஆசிரியர் இருவரும் யாமுமாக எழுவர், பெயருமில்லாப் பரிசுமில்லா ஒரு முயற்சி செய்தோம். துறைமுக வாயிலுக்கு அப்பால், முதியவர் காட்டிய இடத்தில், கரையோரமாக 400 மீற்றர் நீச்சல். ஒழுங்கைகளூடாக 12 கிலோமீற்றர் சைக்கிள். பின் 3 கிலோமீற்றர் ஓட்டம். இரு வள்ளங்கள் துணைவந்தன. வெயில் ஏறுமுன் முடிக்கவெனப் பொழுது புலரும் வேளையிலே இறங்கினோம்.

யார் முந்துவார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. இளைஞருள் ஒருவர் உடற்பயிற்சி நிலையத்துக்கு நாள்தோறும் செல்பவர். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய மெல்லிய ரயர் பூட்டிய விலையுயர்ந்த வண்டியும் உடையவர். நீச்சலில் அவர் முதல்வராகவே எழுந்தார். மற்றொருவர் மீன்சந்தையிலே பெட்டி தூக்குபவர். அவருடைய லுமாலா வண்டிக்கு வயது அவருடையதைவிட அதிகம். செம்மண் ஒழுங்கை முடிந்து மணல் தொடங்குமிடத்தில் இவர் இறங்கி, இரு ரயரிலும் சிறிது காற்றை இறக்கிவிட்டு ஏறினார். முன்சென்றவரோ மணலிலே புதைந்து, மிதித்து, மேலும் புதைந்தார். சந்தை இளைஞர் அவரைக் கடக்கும்போது, "அண்ணை, காத்தைக் குறையுங்கோ" என்று சொல்லிவிட்டே சென்றார். போட்டியிலே எதிரிக்கு நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அப்பண்பையும் யாம் மதிக்கின்றோம். முதல்வராக முடித்தவர் அவரே.

யாம் எழுவருள் ஏழாமவராக வந்தோம். நீச்சலில் இலக்கைப் பாராது வள்ளத்தை நோக்கிச் சென்று திருப்பி அனுப்பப்பட்டோம். நெருஞ்சி முள்ளேறிய ரியூபை ஒட்டுவதற்கு, பொறுமையுடன் காத்திருந்த கடிகாரத்தின்படி பதினெட்டு நிமிடம் சென்றது. ஓட்டத்திலே மேற்சொன்ன மரக்கட்டைக் கால்களை நேரில் அறிந்தோம். ஆயினும் கரையிலே ஒரு சிறுவன் எம்மோடு கடைசி நூறு மீற்றர் ஓடிவந்தான். அவன் மேற்சொன்ன கட்டுரைக்குரிய மாணவனின் தம்பி. "அண்ணாவும் வாறாராம் சேர், நீந்தப் பழக்குவீங்களோ?" என்றான். எமக்குக் கிடைத்த பரிசு அதுவே. ஏழாமிடத்துக்கு அது மிகை.

இதன்மேல் எழக்கூடிய தடைகளை யாம் அறியாதோமல்லோம்.

இது செல்வர் விளையாட்டு என்பர் சிலர். 2018 பெப்ரவரியிலும் 2019 பெப்ரவரியிலும் கொழும்பிலே நடைபெற்ற 'அயன்மான் 70.3' போட்டியைக் கண்டோர் அவ்வாறு கூறுதல் இயல்பு. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம், பல நாட்டார், பெறுமதிமிக்க வண்டிகள். அத்தகையதனை யாம் கேட்கவில்லை. வீதிப் போட்டியிலே வண்டியின் விலை வேகத்தைத் தரும். மணலொழுங்கையிலே அவ்வளவு தராது என்பதைச் சித்திரையிலே கண்டோம். வண்டி எல்லார் வீட்டிலும் இருக்கின்றது, கடலுக்குக் கட்டணமில்லை. நிதி வேண்டுவது பயிற்றுநருக்கும் பாதுகாப்புக்குமே.

படிப்புக் கெடும் என்பர் பெற்றோர். காலை வகுப்பு, பாடசாலை, மாலை வகுப்பு, இரவு வகுப்பு என்று ஓடும் பிள்ளையின் நாளிலே ஏற்கெனவே முந்நிலையன்று, நான்நிலைப் போட்டி நடக்கின்றது! சுவர் இருந்தாற்றானே சித்திரம் எழுதலாம். வாரத்தில் இருமுறை ஒரு மணிநேரம் நீரில் இருந்த பிள்ளை அன்றிரவு நன்றாக உறங்கும். மறுநாள் எம் வகுப்பில் உறங்காது. இது எமக்கும் இலாபமே.

பெண்பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்பர் வேறு சிலர். சிட்னி ஒலிம்பிக்கிலே இவ்விளையாட்டு அறிமுகமானபோது மகளிர் போட்டியே முதலில் நடந்தது. ஆடவர் போட்டி மறுநாள். நம் கல்லூரி ஆண்பிள்ளைகளுக்குரியதாயினும் கரை இருபாலார்க்கும் உரியது. உடல் மறைக்கும் நீச்சலுடைகள் இன்று உண்டு, பெண் பயிற்றுநரை அமர்த்தலாம், அயற்பாடசாலைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அலைக்கு ஆண் பெண் தெரியாது. இழுக்கும்போது இருவரையும் ஒப்பவே இழுக்கும்.

எல்லாவற்றிலும் வலியது ஆபத்து என்னும் தடை. இதனை யாம் இலேசாகக் கொள்ளவில்லை. ஆனந்தனைப் போன்ற பெருவீரரையும் கடல் கொண்டது. ஆதலின் இப்போட்டி நடப்பதாயின் சில நிபந்தனைகளின் மேலேயே நடக்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றோம்.

போட்டித் தூரத்தின் இருமடங்கை அமைதியான நீரிலே ஓய்வின்றி நீந்திக் காட்டாத எவரையும் கடலில் இறக்கலாகாது. வல்வெட்டித்துறையிலே ஆனந்தன் நினைவாக அமைந்த நீச்சற்குளம் உண்டு. கீரிமலைக் கேணியும் உண்டு. தொடக்கப் பயிற்சி அத்தகைய இடங்களிலேயே நடக்கட்டும். நீச்சலை எப்பொழுதும் முதலில் வைக்கவேண்டும்; களைத்த உடம்போடு தரையிலே விழுந்தவன் எழுவான், நீரிலே விழுந்தவன் எழான். இறங்கியோர் எத்தனைபேர், ஏறியோர் எத்தனைபேர் என்று இருவர் தனித்தனி எண்ணவேண்டும். உயிர்காக்கப் பழகியோர் வள்ளங்களில் இருக்கவேண்டும். அன்று காற்று மாறிக் கடல் குழம்பினால், நாணாமல் நீச்சலை நீக்கி, ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம் என்று மாற்றிக்கொள்ளவேண்டும். துறைமுகத்தின் எண்ணெய் படிந்த நீரை விலக்கித் தூயநீரைத் தெரியவேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலே சேன் ஆற்றுநீர் தூய்மையற்றிருந்தமையால் ஆடவர் முந்நிலைப் போட்டியே ஒருநாள் பிற்போடப்பட்டதன்றோ? அவர்கள் பிற்போட நாணாதபோது நாம் ஏன் நாணவேண்டும்?

தரையிலே இன்னுமொரு கவலை உண்டு. அது பிறநாட்டார்க்கு இலகுவில் விளங்காதது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிசெய்யப்பட்டு, மக்கள் நாளாந்தம் புழங்கும் ஒழுங்கைகளிலே மட்டுமே வழி அமையவேண்டும். பற்றைக்குள் குறுக்குவழி தேடுவோனை அக்கணமே நீக்கிவிடவேண்டும். ஆட்புழக்கமற்ற வளவுகளிலே கட்டில்லாத பாழ்கிணறுகள் புதர் மூடிக் கிடக்கின்றன. அவற்றை அடைப்பதும் வேலியிடுவதும் போட்டியின் முன்வேலையாகட்டும். அவ்வேலை முடிந்தபின் போட்டி நடவாதொழிந்தாலும் ஊருக்கு நன்மையே.

உற்றுநோக்கின், ஆபத்து என்னும் தடையே எம் கட்சிக்குப் பெருந்துணை. கரையோரத்துப் பிள்ளை எப்படியும் ஒருநாள் கடலில் இறங்கும். நண்பரோடு, பெற்றோர் அறியாமல், நீந்தத் தெரியாமல், காற்றின் காலம் தெரியாமல் இறங்கும். விழாக்காலத்து விடுமுறைகளின் மறுநாட் பத்திரிகையைப் பிரிக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு ஏன் பதைக்கின்றது? பிள்ளையைக் கடலிலிருந்து காப்பதற்குக் கடலை மறைப்பது ஒரு வழி. இருபத்தேழு ஆண்டு அதனைப் பிறர் நமக்குச் செய்தனர். அவ்வேலையை இனி நாமே நம் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டுமா?

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு சொல். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நும்முட் பலர் நீண்டதூர ஓட்டங்களிலும் சைக்கிளோட்டங்களிலும் பங்குபற்றி, அதன்வழி ஊர்ப் பணிகளுக்கு நிதி திரட்டுவதை அறிவோம், போற்றுகின்றோம். முந்நிலைப் போட்டியின் விதிகளையும் நேரக்கணக்கையும் மீட்புப்பணியின் ஒழுங்கையும் நேரில் அறிந்தோர் நும்முள் இருப்பர். பணத்தோடு அவ்வறிவையும் அனுப்புக. விடுமுறையிலே வரும்போது நும் பிள்ளைகளையும் கரைக்கு அழைத்துவருக. அங்கே குளத்தில் நீந்தப் பழகிய பிள்ளைக்கு இங்குள்ள பிள்ளை மணலில் மிதிக்கக் கற்பிக்கட்டும். இங்குள்ள பிள்ளைக்கு அங்குள்ளது நேராக நீந்தக் கற்பிக்கட்டும். தமிழில் பேச நாணும் பிள்ளையும் ரியூப் ஒட்டும்போது பேசிவிடும்.

யாம் தமிழாசிரியர். சொல்லைக் காப்பது எம் தொழில். வாடை, சோளகம், வள்ளம், துறை, பாகம் என்னும் சொற்களை யாம் வகுப்பிலே காத்துவருகின்றோம். ஆனால் பொருள் அழிந்தபின் சொல் நெடுங்காலம் நில்லாது, அகராதியிலே படுத்துவிடும். சோளகத்தின் உப்பு முகத்தில் அடித்த பிள்ளைக்கு அச்சொல்லை யாம் விளக்கவேண்டியதில்லை. எனவே, தமிழுக்காகவும் இதனைக் கேட்கின்றோம் என்று கொள்ளுக.

கட்டுரை எழுதிய அம்மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பிலே படிக்கின்றான். சித்திரைக்குப்பின் அவனும் தம்பியும் முதியவரிடம் வந்து சேர்ந்தனர். ஐம்பது மீற்றர் வரை வந்துவிட்டான். சென்ற கிழமை அவனைக் கரையிலே கண்டு, அப்பழைய தலைப்பிலே மீண்டும் ஒரு கட்டுரை எழுதித் தருவாயா என்று கேட்டோம். தலை துவட்டிக்கொண்டே, "இப்ப எழுதுறது கஷ்டம் சேர். அப்ப தெரியாமல் எழுதினது" என்றான்.

அவனுக்கு முன்னர் வழங்கிய புள்ளிகளை யாம் திரும்பப் பெறவில்லை. ஆனால், இந்த விடைக்கு அவற்றிலும் கூடுதலாக வழங்கியிருப்போம்.